பெண்களுக்கு மேடை தந்த பாலாமணி அம்மாள்

கூத்து, நாடகம் என்றால் நம் தோட்டத்து ஜனங்களுக்கு உயிர். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால் விடிய விடிய நாடகம் நடந்த காலம் உண்டு. காலையில் பால்மரம் வெட்டிய ஆண்பிள்ளைதான் இரவில் சேலை கட்டிச் சந்திரமதியாக வந்து அழுவார். பெண்டுகள் கீழே உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

இந்த வழக்கம் தாயகத்திலிருந்து நம்மோடு வந்தது. ஆனால் நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்த அந்த நாளிலேயே, தஞ்சைச் சீமையில் ஒரு பெண்மணி இதை மாற்றிக் காட்டினார். அவர்தான் கும்பகோணம் பாலாமணி அம்மாள்.

அம்மையார் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துப் பெண்ணின் ஆட்டத்தையும் பாட்டையும் ஊர் ரசிக்கும். மரியாதை மட்டும் கொடுக்காது. படித்தவர்கள் நாடகமாடச் சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில்கூடப் பெண் வேடத்தை ஆண்களே போட்டார்கள். பாலாமணி அம்மாளோ பெண்களை மட்டும் சேர்த்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ராஜா வேடமானாலும் மந்திரி வேடமானாலும் போட்டது பெண்தான்.

அந்தக் கம்பெனியில் சுமார் 70 பெண்கள் இருந்ததாகச் சொல்வார்கள். நாதியற்று நின்ற பெண்கள் பலருக்கு அதுவே வீடானது. அம்மையார் அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிற்காமல் தொழிலும் கற்றுக் கொடுத்தார். தானத்துக்கும் தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் உழைத்துச் சாப்பிடும் நமக்குத் தெரியாதா என்ன?

புராணக் கதைகளே மேடையை ஆண்ட காலத்தில், டம்பத்தால் சொத்தை அழித்த பணக்காரனின் கதையான டம்பாச்சாரி நாடகத்தை அவர் நடத்தினார். கூட்டம் அலைமோதியது. திருச்சி, மாயவரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நாடகம் பார்த்துவிட்டு ஊர் திரும்ப இரவில் தனி ரயிலே ஓடியது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பாலாமணி ஸ்பெஷல்.

இத்தனை பேரும் புகழும் பெற்றவரின் கடைசிக்காலம் நெஞ்சை உருக்குவது. வந்த பணத்தை வாரி வழங்கினார். தமக்கென்று மிச்சம் வைக்கவில்லை. வயதான காலத்தில் மதுரையில் வறுமையில் வாடி 1935இல் கண்ணை மூடினார். அடக்கம் செய்யக்கூடப் பிறரிடம் பணம் வசூலிக்க வேண்டியதாயிற்று.

அன்றைய நாடகக்காரருக்குச் சேமநிதி என்று ஒன்றும் இல்லை. நமக்கு 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. ஆனால் இன்றும் கல்யாண வீட்டில் பாடுகிற பெண்ணுக்கும், உருமி மேளம் அடிக்கிற பையனுக்கும் மாதாமாதம் சேமநிதி கட்ட முதலாளி யார் இருக்கிறார்? சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தாங்களாகவே அதில் பணம் கட்டலாம். இது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பாட்டும் ஆட்டமும் வருமானால் தடுக்காதீர்கள், மேடை ஏற்றுங்கள். கையோடு அவள் பேரில் சேமநிதிக் கணக்கையும் திறந்து வையுங்கள்.