உபதேசியார் இராஜநாயகன்

ஞாயிறு காலையில் எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் ஆலய மணி ஒலிக்கின்றது. நம்மவருள் ஒருவர் அங்கி அணிந்து முன்னின்று வழிபாட்டை நடத்துகின்றார். அப்பத்தையும் கிண்ணத்தையும் சபையாருக்கு வழங்குகின்றார். இக்காட்சி நமக்கு இன்று வியப்பளிப்பதில்லை. ஆயின், இவ்வுரிமை மறுக்கப்பட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் எனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சுருங்க உரைக்கின்றோம்.

இராஜநாயகன் 1700ஆம் ஆண்டு பிறந்தவர், பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தவர். தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் வீரராய்ப் பணியாற்றினார். அக்காலத்தில் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1714இல் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நூல் இராஜநாயகன் கைக்கு எட்டியது. படைக்கலம் ஏந்திய கை ஏட்டைப் புரட்டியது. அதுவே அவர் வாழ்வின் திருப்பம். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிச் சபையாருடன் தொடர்பு கொண்டு, படைப்பணியைத் துறந்து, தஞ்சை நாட்டில் உபதேசியார் ஆனார்.

உபதேசியாரின் பணி எளிதன்று. ஊர் ஊராய் நடந்து சிதறிக் கிடந்த விசுவாசிகளைக் கூட்டுவார், வேதம் வாசித்து விளக்குவார், ஜெபம் நடத்துவார், ஞானஸ்நானம் பெற விழைவோருக்கு ஞானோபதேசம் கற்பிப்பார், நோயுற்றோரைக் காண்பார். ஐரோப்பியக் குருமார் தஞ்சை நாட்டிற்குள் தம் விருப்பம்போல் நடமாட இயலாத அந்நாளில், அங்கே சபை வளர்ந்தது இத்தகைய உபதேசியார்களின் உழைப்பினாலேயே. இருப்பினும் திருவிருந்து வழங்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது குருப்பட்டம் பெற்றவருக்கே உரியது.

தமிழருள் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றவர் வேளாளரான ஆரோன், ஆண்டு 1733. இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் 1741இல் வந்தது. இராஜநாயகனின் பெயரும் ஆராயப்பட்டது. அவருடைய அறிவையும் பக்தியையும் தொண்டையும் குருமார் குறைத்து மதிப்பிடவில்லை. பின் தடையாய் நின்றது யாது? பறையர் ஒருவர் கையால் உயர்குலத்தார் எனப்பட்டோர் திருவிருந்து பெறமாட்டார்கள் என்னும் அச்சமே. குருப்பட்டம் தியாகு என்பவருக்கு வழங்கப்பட்டது.

இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வேதத்தை அவர் வாயால் கேட்கலாம். ஜெபத்தை அவர் நடத்தலாம். அவர் கை தொட்ட அப்பத்தை மட்டும் உண்ணலாகாது! தீண்டாமை வாயிலுக்கு வெளியே நின்றுவிடவில்லை; திருவிருந்து மேசைவரை நடந்து வந்தது. அதனை நன்கறிந்தவர்களே அதற்கு வழிவிட்டார்கள். தகுதியின்மையால் மறுக்கப்படுவதற்கும், தகுதி இருந்தும் பிறப்பினால் மறுக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் சமூகத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இராஜநாயகன் பணியை விட்டு விலகவில்லை. தொடக்கமுதல் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உபதேசியாராகவே உழைத்து, 1771இல் மறைந்தார். அவருடைய பொறுமையைப் போற்றுகின்றோம். ஆயினும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அப்பொறுமையைக் கொண்டு மூடிவிட நாம் உடன்படோம்.

அவர் மறைந்து அறுபதாண்டுகளுக்குப் பின்னரும் நோய் தீர்ந்தபாடில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே ஒழிக்குமாறு கட்டளையிட்டார். உடன் அமரவும் ஒரே கிண்ணத்தில் பங்குபெறவும் மனமின்றித் தஞ்சையில் பலர் ஆலயத்தையே விட்டு விலகினர். 1741இல் குருமார் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதை இது காட்டும். அஞ்சிப் பணிந்ததனால் நோய் வளர்ந்ததையும் இதுவே காட்டும்.

இளைஞர்களே! இராஜநாயகனைத் தலைநிமிரச் செய்தது அவர் கற்ற எழுத்து. அவரைத் தடுத்து நிறுத்தியது பிறர் நெஞ்சின் இருள். முன்னதைப் பெருக்கவே நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் உழைத்து வருகின்றது. பின்னதை எதிர்க்கும் கடமை, ஆலயத்திலாயினும் அலுவலகத்திலாயினும், நம் அனைவருக்கும் உண்டு. அடுத்த முறை நம்மவர் ஒருவர் அப்பத்தைப் பிட்டு வழங்கக் காணும்பொழுது, அவ்வுரிமை மறுக்கப்பட்ட அம்முதியவரை ஒரு கணம் நினைவுகூர்வோமாக.