கப்பலுக்கு முன்னால் ஒரு பஞ்சாலை: வ.உ.சி. ஏன் கூலிக்காரர்கள் பக்கம் நின்றார்?

பாபநாசத்துக்குப் போகிறவர்கள் தாமிரபரணியில் குளிப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள், அப்படியே அகஸ்தியர் அருவி வரை போய்விட்டுத் திரும்புவார்கள். வழியில் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிற பஞ்சாலையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் 'கப்பலோட்டிய தமிழன்' வ.உ.சிதம்பரனாரின் கதையை அங்கிருந்து தொடங்கினால்தான் அவர் யாரோடு மோதினார் என்பது சரியாகப் புரியும்.

1880களில் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து சகோதரர்கள் நெல்லைச் சீமைக்கு வந்தார்கள். மலையிலிருந்து விழும் தாமிரபரணித் தண்ணீரின் வேகமே இயந்திரத்தைச் சுற்றப் போதும் என்று கணக்குப் போட்டு, பாபநாசத்தில் நூற்பாலை கட்டினார்கள். கரிசல் காட்டுப் பருத்தி, ஆற்றுத் தண்ணீர், உள்ளூர் ஆட்களின் உழைப்பு, மூன்றுமே இங்கேயே கிடைத்தன. லாபம் மட்டும் வேறு பக்கம் போனது. சீக்கிரமே தூத்துக்குடியில் 'கோரல் மில்', பிறகு மதுரையில் இன்னொரு மில் என்று விரிந்தார்கள். போதாததற்கு, தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஏஜென்டும் அவர்களே.

25 ரூபாய் பங்கு

வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரத்தில். பருத்தி விளையும் அதே கரிசல் மண். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் 1894-ல் வக்கீல் ஆனார், 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். நல்ல வருமானம். அப்படியே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

வங்கத்தில் சுதேசி இயக்கம் சூடு பிடித்தபோது, பலர் அந்நியத் துணியைப் புறக்கணிப்பதோடு நின்றார்கள். இவர் அடுத்த கேள்விக்குப் போனார்: வாங்காமல் விட்டால் சரி, நம்ம ஆளுக்கு வேலை எங்கே? தரும சங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை என்று அவர் தொடங்கிய அமைப்புகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்கள்தான். சுதேசிக் கப்பல் கம்பெனி அதில் ரொம்பப் பெரியது, அதனால் அது மட்டும் நம் நினைவில் நின்றுவிட்டது.

1906 அக்டோபர் 16-ல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். இன்றைய மொழியில் 'கிரவுட் ஃபண்டிங்' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அன்றைய கூலிக்காரருக்கு 25 ரூபாய் என்பது பல மாதச் சம்பளம். கம்பெனியைத் தாங்கியது வணிகர்களும் வசதியானவர்களும்தான்.

கொழும்புக்குப் போட்டி தொடங்கியதும் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. எதிர்த்தரப்பு இலவசப் பயணமே அறிவித்தது, கூடவே குடையும் இலவசம் என்றது. நஷ்டத்தை யார் அதிக நாள் தாங்குவார்கள் என்பதுதான் ஆட்டம். ஆஃபர்களை அள்ளிவிடும் இன்றைய ஆப் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

9 நாள் வேலைநிறுத்தம்

பங்கு வாங்க முடியாதவர்கள் அதே ஊரில் கோரல் மில்லில் இருந்தார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை, குறைந்த கூலி, வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடம் போய்ப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள்.

அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவர் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? முதலாளிகள் நம்பியதும் அதைத்தான். ஆனால் ஊர் சேர்ந்து நின்றது. நிதி திரட்டப்பட்டது, வ.உ.சி. தன் கைப்பணத்தையும் போட்டார். வேலைநிறுத்தத்தை எதிர்த்த ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்யவே நாவிதர் மறுத்துவிட்டார் என்பது இன்றும் சொல்லப்படும் சம்பவம்.

9 நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கும் கூலி கூடியது. கப்பலைவிட இதுதான் அவருடைய பெரிய வெற்றி என்று சொன்னால் தப்பில்லை. கப்பல் தோற்றது, இது ஜெயித்தது.

அரசு பயந்ததும் இங்கேதான். வக்கீலும் வணிகரும் பேசுவது வேறு, மில் தொழிலாளி கூடச் சேர்வது வேறு. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு இழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணூர்ச் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் உரிமம் இல்லை, சொத்தும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு குடியேறிச் சின்னதாகக் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. அந்த நிலையிலும் சென்னைத் தொழிலாளர் சங்க வேலைகளில் இருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 10 லட்சம் ரூபாய்க் கம்பெனிக்குப் பங்கு விற்றவர், 347 ரூபாய் 12 அணாவுக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தார். 1916-ல்தான் அது கைக்கு வந்தது.

பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியதால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார், கடைசியில் மறுபடி தூத்துக்குடி. நடுவே திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியம் பதிப்பித்தார். வருமானம் மட்டும் பழையபடி வரவே இல்லை.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். அவர் விட்டுச் சென்ற உயிலில் மளிகைக் கடைக்கும் துணிக் கடைக்கும் தர வேண்டிய பாக்கிகள் எழுதப்பட்டிருந்தன.