டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தமிழகத்தைச் சேர்ந்த தொழில் முனைவர். டி.வி.எஸ். தொழிற்குழுமத்தை நிறுவியவர். சென்னை மாகாணத்தில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவராக அறியப்படுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது கரிவாயுவில் வண்டிகளை ஓட்ட உதவும் டி.வி.எஸ். வாயுக்கலனை இவர் வடிவமைத்துத் தயாரித்தார்.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் அய்யங்கார் 1877 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். இவ்வூர் நம்பி கோயிலால் புகழ்பெற்ற வைணவத் திருத்தலம். இவருடைய பெயரின் முதலெழுத்தான "டி" இவ்வூரையே குறிக்கும். தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயிலும், அதன் பின் ஒரு வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருமானம் தந்த அந்த வேலையை விட்டு விலகி, அக்காலத்தில் உறுதியற்றதாகக் கருதப்பட்ட மோட்டார் தொழிலில் இறங்கினார்.

பேருந்துத் தொழில்

1912 இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே இவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. அந்நாளில் இரயில் பாதை இல்லாத ஊர்களுக்கு மாட்டு வண்டியே முதன்மையான போக்குவரத்தாக இருந்தது. சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். வண்டியும் அதன் உதிரிப் பாகங்களும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். வழியில் ஒரு பாகம் பழுதானால் வண்டி பல நாட்கள் நின்றுவிடும். எனவே வண்டிகளை ஓட்டுவதோடு, அவற்றைப் பழுது பார்ப்பதும் பாகங்களை இருப்பு வைப்பதும் இவருடைய தொழிலின் பகுதிகளாயின.

பின்னர் மதுரை இவருடைய தொழிலின் தலைமையிடமாயிற்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்ற பெயரில் நிறுவனம் வளர்ந்தது. பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. டி.வி.எஸ். பேருந்து வருவதைக் கொண்டு மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்று மதுரை வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. தேய்ந்த டயர்களுக்கு மீண்டும் இரப்பர் பூசும் ஆலை, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவையும் தோன்றின. இவற்றுள் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விற்பனையாளராக விளங்கியது.

போர்க்காலமும் வாயுக்கலனும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 இல் இந்தியாவில் பெட்ரோல் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 1942 இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. இருக்கும் பெட்ரோலில் படைத்துறைக்கே முதலிடம் என்ற நிலையில், பேருந்து நடத்துவோர் வண்டிகளை நிறுத்திவிட வேண்டும் அல்லது வேறு எரிபொருளைத் தேட வேண்டும். சுந்தரம் அய்யங்கார் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அதன் விளைவே டி.வி.எஸ். வாயுக்கலன்.

இத்தகைய கலன்கள் போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் பெருமளவில் பயன்பட்டன. அவை பொதுவாக இயங்கும் முறை வருமாறு: வண்டியோடு இணைத்த உருளை வடிவக் கலனில் மரக்கரி நிரப்பப்படும். போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்துவர். வடிகட்டி சரியாக இல்லாவிடில் சாம்பல் உள்ளே புகுந்து எஞ்சினைத் தேய்த்துவிடும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவாதலால் கசிவு உயிருக்கே ஆபத்தாகும். வண்டி புறப்படுவதற்கு முன்பே கரியை மூட்டிக் காத்திருக்க வேண்டும். நாள்தோறும் கலனைத் துப்புரவு செய்யவும் வேண்டும்.

எரிபொருளும் எஞ்சின் ஒழுங்கமைப்பும்

பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சினில் வேறு எரிபொருளைப் பயன்படுத்தும்போது எஞ்சினின் ஒழுங்கமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. அமுக்க விகிதம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைக்கும். ஆனால் அளவு மீறினால், தீச்சுடர் சென்று சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து எஞ்சினில் தட்டல் ஓசை எழும். இது தொடர்ந்தால் பிஸ்டன் பழுதாகும். இத்தட்டலை ஓர் எரிபொருள் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் காட்டுவதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் கொள்ளும் இந்த அளவுகோல் 1920களில் உருவானது.

கரிவாயு தட்டலை நன்கு தாங்கக்கூடியது; அதன் ஆக்டேன் எண் ஏறத்தாழ 100 அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. ஆயினும் அதில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் இருப்பதால், மாற்றம் செய்யப்படாத பெட்ரோல் எஞ்சின் அதில் ஓடும்போது தன் ஆற்றலில் 40 முதல் 50 விழுக்காடு வரை இழக்கும். ஏற்றத்தில் வண்டி திணறும். ஆக்டேன் எண் உயர்ந்திருப்பதால் மட்டும் ஆற்றல் கூடிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. மேலும் கரிவாயு மெதுவாக எரிவதால், தீப்பொறி விழும் நேரத்தைப் பெட்ரோலுக்கு உரியதைவிட முன்கூட்டி வைக்க வேண்டும். அமுக்க விகிதத்தை உயர்த்தினால் இழந்த ஆற்றலில் ஒரு பகுதி மீளும். ஆனால் அப்படி மாற்றிய எஞ்சினில் அந்நாளைய குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் தட்டல் எழும். ஆகவே, இழப்பைப் பொறுத்துக்கொண்டு இரு எரிபொருளுக்கும் ஏற்ற நிலையில் வைப்பதா, கரிவாயுவுக்கென்றே மாற்றுவதா என்ற தேர்வைக் கரிவாயுவில் வண்டி ஓட்டிய எவரும் செய்யவேண்டியிருந்தது.

இன்று நாள்தோறும் அலுவலகம் சென்றுவரப் பயன்படும் டர்போ பொருத்திய சிறு கார்களிலும் இதே கணக்கு உள்ளது. டர்போ கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதால் அமுக்கமும் வெப்பமும் உயர்ந்து தட்டலுக்கான வாய்ப்பு மிகும். தட்டலை உணரும் கருவியின் துணையோடு மின்னணுக் கட்டுப்பாடு தீப்பொறி நேரத்தைத் தானே பின்தள்ளி எஞ்சினைக் காக்கிறது. அப்போது ஆற்றல் சற்றுக் குறையும். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்கென ஒழுங்கமைத்த எஞ்சினுக்கே அப்பெட்ரோலால் முழுப் பயன் உண்டு.

குடும்பம்

சுந்தரம் அய்யங்காருக்குப் பல மக்கள் இருந்தனர். புதல்வர்களுள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் தொழிலை விரிவுபடுத்தினர்.

மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தவர். பின்னர் தில்லியில் மருத்துவம் பயின்று மருத்துவரானார். காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை அவர் மணக்க விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து மனவுறுதியை அறியுமாறு காந்தி கூறினார். அதன் பின் 1940 இல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடைபெற்றது. இவ்விருவரும் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் 1962 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

மறைவும் அதன் பின்னரும்

சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று தம் 78 ஆம் அகவையில் காலமானார். 1960களில் இவருடைய வழிவந்தோர் வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் முதலிய நிறுவனங்களைத் தொடங்கி, முன்பு கப்பலில் வந்த வாகனப் பாகங்கள் பலவற்றை இங்கேயே செய்தனர். 1972 இல் தமிழக அரசு பேருந்துத் தடங்களை நாட்டுடைமையாக்கியபோது மதுரை வட்டாரத்து டி.வி.எஸ். பேருந்துகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பகுதியாயின. 1980 இல் ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட்டு, இவருடைய பெயரின் முதலெழுத்துகளை நாடெங்கும் கொண்டு சென்றது.