வாத்தியத்தின் உள்ளம் தேடிய அறிஞர்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் இயற்பியலறிஞர் ஒருவருக்கு என்ன இடம் என்று வினவுவார் இருக்கக்கூடும். யாழும் முழவும் பறையும் பேசாத சங்க நூல் இல்லை. அக்கருவிகள் ஏன் அவ்வாறு ஒலிக்கின்றன என்று ஆராய்ந்து உலக அரங்கில் விடை கூறிய தமிழர் ஒருவரைப் பற்றி நாம் பேசாதிருப்பதே வியப்பு. சர் சி. வி. இராமன் என்றதும் ஒளியும் நோபல் பரிசும் நம் நினைவில் எழுகின்றன. ஆயினும், அவர் ஒளியோடு ஒலியையும் நாடியவர். அந்த இராமனின் வாழ்வையே இக்கட்டுரை கூற முற்படுகிறது.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பொறுப்பேற்றதால் இராமனின் இளமைக் கல்வி அங்கே நிகழ்ந்தது. அறிவியல் கற்பித்த தந்தையார் வயலின் வாசிப்பதிலும் பெருவிருப்பம் உடையவர். ஆகவே இயற்பியலும் இசையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. இசையொலியைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்சு எழுதிய நூல் இளம் இராமனின் உள்ளத்தை ஆட்கொண்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர் 1904இல் இளங்கலைப் பட்டமும் 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவர்தம் முதல் ஆய்வுக்கட்டுரை 1906இல் இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தபோது அவருக்கு அகவை 18.

1907இல் அவர் மணந்த உலோகசுந்தரி அம்மையார் வீணை வாசிக்க அறிந்தவர். அதே ஆண்டில் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் அரசுப் பணி ஏற்றார். அங்கே மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தோற்றுவித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் போதிய ஆய்வாளரின்றி இருந்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பிய பின் மாலையிலும் இராமன் அதன் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பகலில் கணக்கு, காலை மாலைகளில் நரம்பின் அதிர்வு என்று பத்தாண்டு இரட்டை வாழ்வு வாழ்ந்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்குப் பாலித் பேராசிரியர் பதவியை வழங்கியபோது, ஊதியம் குறையும் என்று அறிந்தும் அரசுப் பணியைத் துறந்தார்.

அக்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆய்வுகள் இசைக்கருவிகளின் வழக்கமான வாசிப்பை அடியொற்றியவை. வில்லால் இழுக்கப்படும் நரம்பு எங்ஙனம் அதிர்கிறது என்பதை 1918இல் விரிவாக எழுதினார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் வில்லை இழுக்காது. எனவே வயலினை வாசிக்கும் எந்திரம் ஒன்றையே அமைத்து அளவெடுத்தார். பின்னர் வீணையையும் தம்புராவையும் எடுத்துக்கொண்டார். ஒரு நரம்பை மீட்டுங்கால் முதற்சுரத்தோடு அதனின் உயர்ந்த மேற்சுரங்களும் எழும். மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்தின் கணு விழுகிறதோ, அந்த மேற்சுரம் ஒலிக்கக்கூடாது என்பது அதுவரை ஏற்கப்பட்ட விதி. தம்புராவிலோ அது ஒலிக்கிறது! காரணம் குதிரையின் வடிவம் என்று இராமன் கண்டார். மேற்கத்தியக் கருவிகளின் குதிரை கூர்விளிம்பு உடையது. தம்புராவின் குதிரையோ அகன்று, மெல்ல வளைந்திருப்பது. நரம்பு அதன்மேல் பட்டும் படாமலும் அதிர்கிறது. அடியில் செருகும் சிறு நூல் அத்தொடுகையைச் செம்மை செய்கிறது. அந்நூலைச் சற்றே நகர்த்தித் தம்புராவுக்கு உயிரூட்டும் கலைஞர், தாம் அறியாமலே ஓர் இயற்பியல் நுட்பத்தைக் கையாள்கிறார்.

கருவியின் புறத்தே தோன்றாத சிறு வேலைப்பாடு அதன் குரலையே மாற்றும் என்பது நம் நாட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. ஸ்பெயின் நாட்டில் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் என்ற கிதார்த் தச்சர் (1817–1892), கிதாரின் மேற்பலகைக்கு உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை விசிறி விரிந்தாற்போல ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். சட்டம் தடித்தால் பலகை விறைத்து ஒலி அடங்கும்; மிக மெலிந்தால் நரம்புகளின் இழுப்பைப் பலகை தாங்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைக் காண்பதே தச்சரின் கலை. மேற்பலகையே குரலுக்கு அடிப்படை என்று மெய்ப்பிக்க, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் வெறும் காகித அட்டையால் ஆக்கிய கிதார் ஒன்றையும் அவர் செய்தார். ஆடுவோரின் காலடித் தாளத்தோடு இணைந்து வாசிக்கும் பிளமெங்கோ கிதாருக்கு ஒலி சட்டென எழுந்து விரைவில் அடங்க வேண்டும். ஆதலின் அதன் உடலை இலேசான சைப்ரஸ் மரத்தாலும் மேற்பலகையை மெல்லியதாகவும் அமைப்பர். அங்கே குரலை நிறுவுவது உள்ளே மறைந்த சட்டம். நம் மிருதங்கத்திலோ தோலின்மேல் ஏற்றிய கருஞ்சாந்து. சட்டம் பலகைக்கு விறைப்பைக் கூட்டுகிறது. சாந்து தோலுக்கு எடையைக் கூட்டுகிறது. வழி வேறாயினும் அதிரும் பரப்பை நெறிப்படுத்துவதே இரண்டின் நோக்கமும்.

இச்சாந்தின் மறையை விடுவித்தவர் இராமனே. சாதாரணத் தோற்கருவியில் முதல் ஒலியை 1 என்று கொண்டால் அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14 எனத் தொடரும். இவை ஒன்றோடொன்று இயையாமையால் கேட்பது இரைச்சலேயன்றிச் சுருதியன்று. மிருதங்கத்தின் வலந்தலையிலோ 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்தில் ஒலிகள் எழுகின்றன; ஆதலால் அது நரம்புக் கருவிபோலச் சுருதி சேர்ந்து ஒலிக்கிறது. 1920இல் குமார் என்ற ஆய்வாளருடன் இணைந்து இதனை நேச்சர் இதழில் அறிவித்தார். தாம் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழினுடைய முதல் தொகுதியில் மேலும் விளக்கினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, கையால் தட்டி, மணல் ஒதுங்கிய கணுக்கோடுகளைக் கொண்டு அதிர்வின் வகைகளைக் கண்டறிந்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களுள் வந்து அடங்குவதை அவர் காட்டினார். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் சாந்தே இவ்விணக்கத்தை உண்டாக்குகிறது. விளிம்பைச் சுற்றிய தோல்வளையம் வேண்டாத உயர் ஒலிகளை அடக்குகிறது.

1921இல் ஐரோப்பா சென்று திரும்பிய கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின்பால் ஈர்த்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வு 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவாகக் கனிந்தது. 1930இல் நோபல் பரிசும் 1954இல் பாரத ரத்னா விருதும் அவரை அடைந்தன. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். 1948இல் தம் பெயரால் அங்கே ஓர் ஆய்வு நிறுவனம் கண்டார். 1970 நவம்பர் 21ஆம் நாள் இயற்கை எய்திய அவர், அந்நிறுவனத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார்.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முழவின் முகத்தில் மண்சாந்து பூசும் வழக்கத்தைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். அதற்கு மார்ச்சனை என்ற பெயர் உண்டு. அப்புலவர்களின் பெயர்களை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். கிட்டக்கல் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்து உலர்த்தி, செவியால் மட்டுமே அளந்த கைவினைஞரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இராமனும் பழங்கால அறிவின் திறத்தைப் போற்றினார். ஆயின் அந்த அறிவைத் தம் காலத்தில் கையில் ஏந்தியிருந்தவர் யாவர் என்ற வினா ஆய்வுக்கூடத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. தோல் தொடும் தொழிலர் என்பதால் மேடையின் பெருமையில் அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை. இந்தக் குறையை உணர்ந்து, மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கில நூலாக எழுதினார். இராமன் ஆராய்ந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது.

கடனா நதிக்கரையில் அமர்ந்து இதனை எழுதுகையில், நம் ஊர்க் கோயில் விழாக்களில் கேட்டு மகிழ்ந்த மிருதங்க ஒலிகள் செவியில் நிறைகின்றன. வாசித்தவர் பெயர் அழைப்பிதழில் இருந்தது. சாந்து ஏற்றியவர் பெயரை நாம் கேட்டதில்லை. கருவி ஏன் இனிக்கிறது என்று கேட்க இராமன் நமக்குக் கற்றுத் தந்தார். யாருடைய கையால் இனிக்கிறது என்று கேட்பது இலக்கியம் பயிலும் நம் கடன். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் ஒரு திங்கள் கூட்டத்தையேனும் அக்கைவினைஞர்க்கு உரியதாக்கி, அவர்தம் பெயரை நம் ஏட்டில் பொறிக்குமாயின், அதுவே இராமனுக்கும் நாம் செய்யும் நற்கைம்மாறாகும்.