புனித ஹில்டெகார்ட்: கசப்பும் காக்கும்

பீர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கத் தோன்றும். குடியால் சிதைந்த குடும்பங்களை நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் பீர் காய்ச்சும் முறையைத் தம் நூலில் எழுதிவைத்த ஒருவரைத் திருச்சபை புனிதராகவும் மறைவல்லுநராகவும் போற்றுகிறது. அவர்தான் ஜெர்மனி நாட்டின் பிங்கன் நகர் புனித ஹில்டெகார்ட்.

1098-இல் உயர்குடியில் பிறந்த அவரைப் பெற்றோர் சிறுவயதிலேயே இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தனர். 1112-இல் டிசிபோடன்பெர்க் துறவு மடத்தை ஒட்டிய குடிலில், யுத்தா என்னும் பெண் துறவியின் வழிகாட்டுதலில் வாழத் தொடங்கினார். 1136-இல் யுத்தா இறந்தபோது, சகோதரிகள் ஹில்டெகார்டைத் தலைவியாகத் தேர்ந்துகொண்டனர். பின்னர், மடத்துத் துறவிகளின் எதிர்ப்பையும் மீறி, ஏறத்தாழ 1150-இல் ரைன் நதிக்கரையில் ரூபர்ட்ஸ்பெர்க் என்னுமிடத்தில் தனி மடம் அமைத்தார்.

செடி, மரம், கல், மீன், பறவை எனப் படைப்புகளின் பயன்களை அவர் தொகுத்த நூல் ‘ஃபிசிக்கா’. அக்காலத்தில் பீர் அன்றாட உணவின் ஒரு பகுதி. மடங்களும் வீடுகளும் தங்கள் தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சின. சதுப்பு நிலங்களிலும் காடுகளிலும் பறித்த மணமுள்ள தழைகளின் கலவையைச் சேர்ப்பது பழைய வழக்கம். ‘க்ரூட்’ என்பது அதன் பெயர். ஓட்ஸ் தானியத்தில் ஹாப்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சுவோர் ஆஷ் மரத்தின் இலைகளை நிறையச் சேர்க்க வேண்டும் என்று ஹில்டெகார்ட் எழுதினார்.

வேலிகளிலும் ஆற்றங்கரைகளிலும் படரும் கொடியே ஹாப்ஸ். அதைப் பீருக்குப் பயன்படுத்தியதில் முதல்வர் அவரல்லர். 822-ஆம் ஆண்டிலேயே பிரான்சின் கோர்பி மடத்து ஒழுங்குகளில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கிறது என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். ஹாப்ஸில் உள்ள கசப்பான அமிலங்கள் பானத்தைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன என்பதை இன்றைய அறிவியலும் உறுதிசெய்கிறது. அதே கொடி மனச்சோர்வை வளர்க்கும் என்று எச்சரிக்கவும் அவர் தவறவில்லை. நன்மையையும் தீமையையும் ஒருசேரக் காணும் கண் அவருடையது. அவர் பின்பற்றிய புனித பெனடிக்டின் ஒழுங்கும் துறவியருக்கு அளவோடு திராட்சை இரசத்தை அனுமதித்து, போதையைக் கண்டித்தது.

அவரது வாழ்விலும் கசப்பு வந்தது. 1178-இல், முன்பு திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த பிரபு ஒருவர் ரூபர்ட்ஸ்பெர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். உடலைத் தோண்டி எடுக்குமாறு மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் ஆணையிட்டனர். அவர் இறக்குமுன் ஒப்புரவாகி அருளடையாளங்களைப் பெற்றவர் என்பதால், ஹில்டெகார்ட் அதற்கு மறுத்தார். மடத்தின்மீது தடை விதிக்கப்பட்டது. இறைப்புகழ் பாடக்கூடாது, நற்கருணை பெறக்கூடாது. எண்பது வயதில், பாடல்கள் இயற்றிய அந்த அன்னைக்கு இது எத்தகைய வேதனை! ஆயினும் அவர் தடைக்குக் கீழ்ப்படிந்தார். உடலை மட்டும் தோண்டவில்லை. தம் நியாயத்தை எடுத்துரைத்துக் கடிதங்கள் எழுதினார். 1179-இல் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரது புனிதத்தை உலகத் திருச்சபை முழுவதற்கும் உறுதிசெய்து, அவரை மறைவல்லுநராக அறிவித்தார்.

அன்புக்குரியவர்களே, நமக்கும் நியாயம் மறுக்கப்படும் வேளைகள் உண்டு. அப்போது நாம் ஒன்று வாய்மூடி உள்ளுக்குள் புழுங்குகிறோம், அல்லது ஆலயத்தையே விட்டு விலகிவிடுகிறோம். ஹில்டெகார்ட் இரண்டையும் செய்யவில்லை. திருச்சபைக்குள் நின்றுகொண்டே உண்மையைப் பேசினார். இறந்த ஒருவரின் மாண்பைக் காத்தார். நமக்கு வரும் கசப்பு நம்மைக் கெடுக்கிறதா, கெடாமல் காக்கிறதா? சிந்திப்போம்.