கலங்கல் தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு

பல்லடத்திலிருந்து திருச்சி ரோட்டில் கோவை போனால் சூலூர் வரும். அதன் பக்கத்து ஊர்தான் கலங்கல். 1893 மார்ச் 23-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு சரி.

வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல் அவருக்கு ஆசை வந்தது. கோவை வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, முழுசாகக் கழற்றி மாட்டினார். அதுதான் அவருக்கு முதல் செமஸ்டர்!

1920-ல் பஸ் வாங்கி, பொள்ளாச்சி-பழனி ரூட்டில் தானே ஓட்டினார். ஒரு பஸ் என்றால் முதலாளியே டிரைவர், முதலாளியே மெக்கானிக். யு.எம்.எஸ். என்ற பெயரில் வண்டிகள் பெருகிய பிறகு அது நடக்குமா? தன் கைக்குத் தெரிந்தது பத்துப் பேர் கைக்குப் போனால்தான் கம்பெனி நிற்கும். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எலக்ட்ரிக் மோட்டாரை உருவாக்கினார். அந்தப் பாலசுந்தரம்தான் டெக்ஸ்டூல் கம்பெனியை ஆரம்பித்தவர்.

எங்க அப்பா தறி ஓட்டுகிறார். கோளாறு நாடாவிலா, பிக்கிங்கிலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லிக்கொடுங்க என்று எந்த முதலாளியும் அவரைக் கேட்டதில்லை. அப்பா வேலையை விட்டால் அந்த வித்தையும் அவரோடு போய்விடும். ஆளை வேலைக்கு வைக்கிறார்கள், அவர் திறமையை யாரும் சேர்த்து வைப்பதில்லை. நாயுடு கதை எனக்கு உறைத்தது இங்கேதான்.

1945-ல் அவர் முயற்சியால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் காலேஜும் கோவையில் வந்தன. அன்றைய சென்னை கவர்னரின் பெயர் அது. என்ஜினீயரிங்குக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷமே போதும் என்று நாயுடு வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை, பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் காலேஜ்தான் இன்றைய ஜி.சி.டி.

இந்த வாதத்தில் நான் பாதிதான் அவர் கட்சி. டிராயிங் ஷீட்டையே பார்க்காத வீட்டிலிருந்து வந்த எனக்கு, பார்ட்டுகளின் பேரைப் பழகவே முதல் வருஷம் போயிற்று. ஆனால் ஒர்க்ஷாப் என்பது ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் என்றால் மூணு வருஷமும் வீண்தான். அதில் அவர் சொன்னது சரி.

1974 ஜனவரி 4-ல் காலமானார். அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு லீவு நாளில் போய் வாங்க. முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்க.