தாடையின் வளர்ச்சியைக் கண்ட ஜோன் ஹண்டர்

குழந்தையின் சிறிய வாயில் இருபது பாற்பற்களுக்கே இடமுண்டு. அதே வாய், வளர்ந்தபின் முப்பத்திரண்டு பற்களைத் தாங்குகின்றது. மிகுதிப் பற்களுக்கு இடம் எங்கிருந்து வந்தது? பிசைந்த மாவை இழுத்தாற்போல் தாடை எப்பக்கமும் நீளுகின்றதா? இவ்வினாவுக்குத் தக்க விடை கண்ட பெருமை ஜோன் ஹண்டரைச் சாரும்.

ஸ்கொத்லாந்திலே, ஈஸ்ட் கில்பிரைட்டுக்கு அண்மையிலுள்ள பண்ணைவீடொன்றில், 1728 ஆம் ஆண்டில், பத்துப் பிள்ளைகளுள் இளையவராக அவர் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். ஏட்டுக்கல்வியில் அவர் மனம் பற்றவில்லை. வயல்வெளியும் அங்கு வாழும் உயிர்களுமே அவருக்குப் பள்ளியாயின. 1748 இல் இலண்டன் சென்று, உடற்கூற்றுப் பள்ளி நடத்திய தமையனார் வில்லியத்துக்கு உதவியாளரானார். பின்னர் படைவைத்தியராகக் கடல் கடந்து சென்று, 1763 இல் மீண்டார்.

பற்பிடுங்குதலைச் சத்திரவைத்தியர் இழிதொழிலாகக் கருதிய காலம் அது. ஹண்டரோ நாணவில்லை. பல்வைத்தியர் ஜேம்ஸ் ஸ்பென்ஸுடன் கூடிப் பணிபுரிந்தார். சிசு முதல் முதியோர் வரை பல வயதினரின் தாடைகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். 1771 இல் அவர் வெளியிட்ட மனிதப் பற்களின் இயற்கை வரலாறு என்னும் நூல் அவ்வாராய்ச்சியின் பயனாகும்.

பாற்பற்கள் நின்ற முன்பகுதி பிற்காலத்தில் அதிகம் நீளுவதில்லை என்பதை அவர் கண்டார். தாடை பின்புறமாகவே வளர்கின்றது. காதை நோக்கி மேலெழும் அதன் கிளையின் பின்விளிம்பிலே புதிய எலும்பு படிகின்றது. முன்விளிம்பிலே பழைய எலும்பு கரைந்து மறைகின்றது. இவ்வாறு ஒதுங்கிய இடத்திலேதான் பெரிய கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன. வளர்ச்சி என்பது சேர்வது மட்டுமன்று, கழிவதும் ஆகும் என்பதே அவர் கண்ட உண்மை.

பன்றிகளுக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரை உணவோடு ஊட்டியும் அவர் சோதித்தார். அவ்வேளை உண்டாகும் எலும்பு மட்டுமே செந்நிறம் பெறும். ஆகவே எங்கே புதிய எலும்பு படிந்தது என்பது கண்கூடாயிற்று.

ஆனால், இவ்வறிவுக்கு விலை கொடுத்தோர் பிறர் என்பதை மறைத்தல் தகாது. அவர் அறுத்தாய்ந்த உடல்கள் பல, இரவிற் புதைகுழிகளிலிருந்து களவாடப்பட்டவை. ஏழைகளின் நற்பற்களை விலைக்கு வாங்கிப் பிடுங்கிச் செல்வர் வாயிற் பதிக்கும் வழக்கத்தையும் அவர் ஆதரித்தார். 1783 இல் இறந்த அயர்லாந்துப் பேருருவினர் சார்ள்ஸ் பேர்ன், தம் உடல் கடலில் இடப்படவேண்டுமென விரும்பியிருந்தார். ஹண்டர் அவ்வுடலைப் பணங்கொடுத்துப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் நூதனசாலையிற் சேர்த்தார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காட்சியிலிருந்த அது, நூதனசாலை 2023 இல் மீளத் திறக்கப்பட்டபோதே பார்வையிலிருந்து நீக்கப்பட்டது.

1793 ஒக்ரோபர் 16 ஆம் நாள், செயின்ற் ஜோர்ஜ் வைத்தியசாலைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தினிடையே நோயுற்று, அங்கேயே ஹண்டர் உயிர்நீத்தார். அவர் எழுதி வைத்த ஏடுகளுட் பெரும்பகுதியை மைத்துனர் எவராட் ஹோம் 1823 இல் எரித்தார். சேகரிப்பிற் பெரும்பங்கு 1941 இல் விழுந்த குண்டுகளால் அழிந்தது.

எனினும் அவர் கண்ட உண்மை நிலைத்தது. 1860களில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹம்ஃபிரி, பன்றிகளின் தாடைக்கிளையிற் கம்பி வளையமிட்டு அதனை உறுதிசெய்தார். இன்று பிள்ளைகளின் பல்வரிசையைச் சீர்படுத்தும் வைத்தியர், தாடை எவ்வழி வளரும் என்பதைக் கணித்தே பணி தொடங்குகின்றனர். அதன் பயனைத் துய்க்கும் நாம் ஹண்டரைப் போற்றுவோம். அவருடைய மேசையிற் பெயரின்றிக் கிடந்த எளியோரையும் அப்போற்றுதலிற் சேர்த்துக்கொள்வோம்.